அடுத்தவன் போட்ட கம்பி

2019 அக்டோபர் மாசம் நம்ம ஊர் செல்போன்கள் ஒரு விநோதமான வேலை பார்த்துச்சு. அதுவரைக்கும் முக்கால் நிமிஷம் வரை பொறுமையா அடிச்சிட்டிருந்த ரிங், 20, 25 வினாடியிலேயே நின்னுபோச்சு. அடுப்படியில இருந்து கையைத் துடைச்சிட்டு ஓடி வர்றதுக்குள்ள மிஸ்டு கால். யாருடா அதுன்னு திருப்பிக் கூப்பிடுவோம். நாம திருப்பிக் கூப்பிடணும்ங்கறதுதான் அங்க விஷயமே.

அப்போ ஒரு நெட்வொர்க்ல இருந்து இன்னொரு நெட்வொர்க்குக்குப் போற அழைப்புக்கு, கூப்பிட்டவரோட கம்பெனி எடுத்தவரோட கம்பெனிக்கு நிமிஷத்துக்கு 6 பைசா கட்டணும். ஐயூசி என்று பெயர். ரிங் சீக்கிரம் நின்னா அழைப்பு மிஸ்டு கால் ஆகும்; எதிர்ப்பக்கம் திருப்பிக் கூப்பிடும்; 6 பைசா போற திசையே மாறிடும். ஜியோ ரிங் நேரத்தைக் குறைச்சது இதுக்காகத்தான்னு ஏர்டெல் புகார் சொல்லுச்சு. உலகம் முழுக்க இதுதான் வழக்கம்னு ஜியோ சொல்லுச்சு. கடைசியில ஏர்டெலும் குறைச்சது. நவம்பர் 1-ம் தேதி டிராய் உள்ளே புகுந்து, செல்போன் 30 வினாடி அடிக்கணும், லேண்ட்லைன் 60 வினாடி அடிக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. போன் எத்தனை வினாடி அடிக்கணும்னு அரசாங்க அமைப்பு ஒன்னு உட்கார்ந்து முடிவு பண்ண வேண்டிய நிலைமை!

எங்க ஓப்பன் எலெக்டிவ் கிளாஸ்ல இந்தக் கதையைச் சொன்னப்ப எல்லாரும் சிரிச்சோம். ஆனா என் மண்டைக்குள்ள சித்தப்பா வந்து உட்கார்ந்துட்டாரு.

சித்தப்பா ஈரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர்ல கேபிள் ஆபரேட்டர். முதல்ல கேபிள் டிவி. 2017-ல சித்தி நகையை வச்சு, ஸ்ப்ளைசிங் மெஷின் வாங்கி, ஈபி கம்பம் கம்பமா ஃபைபர் இழுத்து இன்டர்நெட்டுக்கு மாறினாரு. தெருவுல தொங்குற கம்பி அவரோடது. ஓஎல்டி பெட்டி, பேட்டரி, வேலை செய்யற ரெண்டு பசங்க எல்லாம் அவர் செலவு. ஆனா லைசென்ஸும் பேண்ட்வித்தும் ஒரு பெரிய கம்பெனியோடது. பேரு வேண்டாம். ஒரு கனெக்‌ஷனுக்கு மாசம் 280 ரூபாய் அவங்களுக்குப் போகும். வாடிக்கையாளர்கிட்ட 450 வாங்குவாரு. மிச்சம் 170-லதான் கரண்ட் பில், கம்ப வாடகை, சம்பளம், மழைக்காலத்துல அறுந்த கம்பியை ஒட்டுற செலவு எல்லாம். என் ஹாஸ்டல் ஃபீஸ்ல பாதியும் அந்த 170-ல இருந்துதான் வருது. அதனால இந்தக் கட்டுரையில நான் நடுநிலையா இருப்பேன்னு யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

போன வருஷம் அதே பெரிய கம்பெனி எங்க ஊர் மெயின் ரோட்டுல தானே கம்பி இழுத்துச்சு. நல்ல வசதியான நாலு தெரு மட்டும். நேரடியா 399 ரூபாய் பிளான். அதாவது சித்தப்பாவுக்குச் சரக்கு கொடுக்கிற அதே கடை, பக்கத்துலயே சில்லறை வியாபாரமும் ஆரம்பிச்சிடுச்சு. 399-ல 280 போனா 119. அவருக்கு ஆகுற செலவோ 170. எட்டு மாசத்துல 600 கனெக்‌ஷன் 430 ஆயிடுச்சு.

“வேற கம்பெனிக்கு மாறிக்கலாமே சித்தப்பா”ன்னு கேட்டேன்.

“மாறலாம் கண்ணு. வீட்டு வீட்டுக்கு ஓஎன்யூ-வை மறுபடியும் செட் பண்ணணும். ஒவ்வொருத்தர்கிட்டயும் ஆதார் வாங்கிப் புதுசா ஏத்தணும். நம்ம கஸ்டமர் லிஸ்ட்டே அவங்க சாஃப்ட்வேர்லதான இருக்குது? நான் மாறப் போறேன்னு தெரிஞ்சா அன்னிக்கே அவங்க ஆளு எல்லா வீட்டுக்கும் போன் போட்டுருவான்.”

இதுக்கு ஒரு பேரு இருக்குன்னு அப்புறம்தான் படிச்சேன். மார்ஜின் ஸ்க்வீஸ். லாபத்தை ரெண்டு பக்கமும் நெருக்கிப் பிழியறது. ஜெர்மனியில டாய்ச்ச டெலிகாம் கம்பெனி, வீட்டுக்கு வர்ற செம்புக் கம்பியைப் போட்டி கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்ட விலை, தன்னோட சொந்த வாடிக்கையாளர்கிட்ட வாங்கின சில்லறை விலையை விடவே கொஞ்ச காலம் அதிகமா இருந்துச்சு. 2003-ல ஐரோப்பிய ஆணையம் 1 கோடியே 26 லட்சம் யூரோ அபராதம் போட்டது. கம்பெனி கோர்ட்டு கோர்ட்டா ஏறி, 2010-ல ஐரோப்பிய நீதிமன்றத்திலும் தோத்தது. அங்க வச்ச சோதனை ரொம்ப எளிமையானது: போட்டியாளருக்குப் போடுற அதே மொத்த விலையை உன்னோட சில்லறைப் பிரிவும் கட்டினா, அது பிழைக்குமா? எங்க ஊர்க் கணக்குல சொன்னா, அந்தக் கம்பெனியோட 399 பிளான் தனக்குத் தானே 280 கட்டிட்டு, மிச்சம் 119-ல தெருவைப் பராமரிச்சு ஓட முடியுமா?

கஷ்டம் எங்க வருதுன்னா, அந்த 280 எவ்வளவா இருக்கணும்ங்கறதுல. இதுக்கு உலகத்துலயே அழகான பதில் ஒன்னு இருக்கு. அழகான பதில்னாலே நான் கொஞ்சம் பயப்படுவேன்.

வில்லியம் பாமோல், ராபர்ட் வில்லிக் என்று ரெண்டு அமெரிக்கப் பொருளாதார நிபுணர்கள். அவங்க விதி இது: உன் கம்பியைப் போட்டியாளன் பயன்படுத்தினா, கம்பிக்கு ஆகுற செலவோட, அவனால உனக்குப் போற லாபத்தையும் சேர்த்து வாங்கிக்கோ. கேட்டதும் அநியாயமா தெரியும். ஆனா யோசிச்சா ஒரு தர்க்கம் இருக்கு. கம்பெனி 399-க்கு விக்குது, கடைசித் தெருவைப் பார்த்துக்க அதுக்கு 100 ஆகுதுன்னு வச்சுப்போம். அப்போ ஒரு வாடிக்கையாளர் போனா அதுக்கு 299 நஷ்டம். சித்தப்பாகிட்ட 299 வாங்கினா, அவரு அந்தத் தெரு வேலையை 100-க்குக் கீழ செய்யத் தெரிஞ்சவரா இருந்தா மட்டும்தான் நிக்க முடியும். இல்லன்னா, அந்த வேலையை அவரு செய்யறதே சமூகத்துக்கு வீண் செலவு. கணக்கு சுத்தமா வருது. போர்டுல எழுதினா ப்ரொஃபசர் டிக் போடுவாரு.

நியூசிலாந்துல இதை நிஜமாவே பரீட்சை பண்ணிப் பார்த்தாங்க. 1990-ல அரசாங்கத்தோட டெலிகாம் கம்பெனியை வித்தாங்க. தனி ஒழுங்குமுறை ஆணையம் எதுவும் வைக்கல; பொதுவான போட்டிச் சட்டமும் கோர்ட்டும் போதும்னு விட்டுட்டாங்க. கிளியர் கம்யூனிகேஷன்ஸ்னு ஒரு புதுக் கம்பெனி உள்ளூர் அழைப்பு சேவை தொடங்க, பழைய நெட்வொர்க்கோட இணைப்பு கேட்டது. பழைய கம்பெனி பாமோல்-வில்லிக் விதியைக் கையில எடுத்துக்கிட்டு வந்துச்சு. வழக்கு ஒரு கோர்ட்டுல ஒரு மாதிரி, அடுத்த கோர்ட்டுல வேற மாதிரின்னு போயி, கடைசியா 1994-ல லண்டன்ல பிரிவி கவுன்சில் பழைய கம்பெனி பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. சில்லறை விலைக்குள்ளயே ஏகபோக லாபம் ஒளிஞ்சிருந்தா? விதிப்படி அந்த லாபத்தையும் சேர்த்துத்தான் போட்டியாளன் கட்டுவான். அதைக் குறைக்கிறது அரசாங்கத்தோட வேலை, இந்த வழக்கோட வேலை இல்லைன்னு விட்டுட்டாங்க.

எனக்கு இந்த இடம்தான் உறுத்துது. போட்டியைக் கொண்டு வர்றதே அந்த ஏகபோக லாபத்தைக் கரைக்கத்தானே? புதுசா வர்றவன் அதைப் பழையவனுக்குப் பத்திரமா கட்டிக்கிட்டே இருக்கணும்னா, அவன் வந்து என்ன பிரயோஜனம்? நியூசிலாந்து அரசும் இதே முடிவுக்கு வந்துச்சு போல. 2001-ல தனி டெலிகாம் சட்டம், ஆணையர். 2006-ல வீட்டுக் கம்பியைப் போட்டியாளருக்குத் திறந்துவிடச் சட்டம். 2011-ல கம்பெனியையே ரெண்டாப் பிரிச்சு, கம்பி வச்சிருக்கிற பகுதியை கோரஸ் என்ற தனிக் கம்பெனி ஆக்கிட்டாங்க. கோரஸ் எல்லாருக்கும் மொத்த விலையில கொடுக்கும். சில்லறை வியாபாரத்துக்கு வராது. ஒரு அழகான சூத்திரத்துல இருந்து வெளிய வர அந்த நாட்டுக்கு இத்தனை வருஷம் ஆச்சு.

ரயில்லயும் இதே கதை, இன்னும் கண்ணுக்குத் தெரியற மாதிரி. ரெண்டு கம்பெனி போட்டி போடணும்னு ரெண்டு தண்டவாளம் போட முடியாது. இத்தாலியில 2012 ஏப்ரல்ல இட்டாலோ என்ற தனியார் அதிவேக ரயில் ஓட ஆரம்பிச்சுது. ஃபெராரி கம்பெனித் தலைவரா இருந்த மோன்டெஜெமோலோவும் சில கூட்டாளிகளும் தொடங்கினது. தண்டவாளம் அரசு ரயில்வே குழுமத்தோடது. போட்டி ரயிலான டிரெனித்தாலியாவும் அதே குழுமத்தோட பிள்ளை. ரோம்ல ஒஸ்டியென்ஸே ஸ்டேஷன்ல இட்டாலோ தனக்குன்னு ஒரு வரவேற்பு அறை கட்டுச்சு. அறைக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல ஒரு இரும்பு வேலி வந்துச்சு. ரயில் கண்ணுக்கு முன்னாடி நிக்குது, பயணி பெட்டியை இழுத்துக்கிட்டுச் சுத்திப் போகணும். பாதுகாப்புக்காகன்னு சொன்னாங்க. அந்த வேலி இத்தாலியப் பத்திரிகைகள்ல பெரிய செய்தி.

ஆனா இட்டாலோவை நிஜமா அழுத்தினது வேலி இல்ல, தண்டவாளக் கட்டணம். ரயில் ஓடுற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 13 யூரோ. புதுசா வந்த போக்குவரத்து ஒழுங்குமுறை ஆணையம் 2014-ல அதைச் சுமார் 8 யூரோவா குறைச்சது. நஷ்டத்துல மூச்சு வாங்கிட்டிருந்த கம்பெனி நிமிர்ந்துச்சு. 2018-ல ஒரு அமெரிக்க முதலீட்டு நிறுவனம் அதைச் சுமார் 200 கோடி யூரோவுக்கு வாங்கிச்சு. யோசிச்சுப் பாருங்க: அதே ரயில், அதே பாதை. கிலோமீட்டருக்கு 5 யூரோ மாறினதுல மூட வேண்டிய கடை, விலை போகிற கடை ஆயிடுச்சு. அந்த ஒரு எண்ணை யார் எழுதறாங்கங்கறதுதான் எல்லாம்.

நம்ம ஊர்ல? சரக்குக் கன்டெய்னர் ரயிலை 2006-ல தனியாருக்குத் திறந்துவிட்டாங்க. அதுவரை அரசோட கான்கார் மட்டும்தான். நாடு முழுக்க ஓட்ட லைசென்ஸ் கட்டணம் 50 கோடி. வாகன் உங்களோடது, இன்ஜினும் தண்டவாளமும் ரயில்வேயோடது. இழுவைக் கட்டணத்தை ரயில்வேயே நிர்ணயிக்கும். கான்காரின் பெரிய பங்குதாரர் மத்திய அரசு. கட்டணம் ஏறினப்ப தனியார் கம்பெனி ஒன்னு போட்டி ஆணையத்துக்குப் போச்சு. நாங்க அரசாங்கம், எங்களை இந்தச் சட்டத்துக்குள்ள கொண்டு வர முடியாதுன்னு ரயில்வே வாதாடினப்ப, 2012-ல டெல்லி உயர் நீதிமன்றம் ஒத்துக்கல. ஆனா ஆணையம் கடைசியில மீறல் எதுவும் இல்லைன்னு வழக்கை முடிச்சிடுச்சு. 2017-ல ரயில் கட்டணம் பத்தி ஆலோசனை சொல்ல ஒரு தனி அமைப்புக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. இன்னிக்கும் இழுவைக் கட்டணம் எழுதற பேனா ரயில்வே கையிலதான்.

டெலிகாம்ல நமக்கு டிராய் இருக்கு. பெரியவங்க சண்டையில அது எப்படி நடந்துக்கிச்சுன்னு பாருங்க. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்தப்ப, அதோட அழைப்புகள் மத்த நெட்வொர்க்குக்குள்ள நுழையற இணைப்பு முனைகள் போதல. ஆயிரம் அழைப்புல அஞ்சுக்கு மேல அந்த முனையில விழக்கூடாதுங்கறது விதி. நூத்துக்கு எழுபத்தஞ்சு விழுதுன்னு ஜியோ கத்துச்சு. இலவசமா கொடுத்து வெள்ளம் மாதிரி அனுப்பினா எப்படித் தாங்கும்னு மத்தவங்க திருப்பிக் கேட்டாங்க. ரெண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்குன்னுதான் எனக்குத் தோணுது. டிராய் அடுத்த மாசமே ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூணுக்கும் சேர்த்து 3,050 கோடி அபராதம் பரிந்துரைச்சுது. அதுக்கான நோட்டீஸ் போனது 2021-ல. நடுவுல இதே விஷயம் போட்டி ஆணையத்துக்கும் போச்சு. முதல்ல டிராய் பார்க்கட்டும், அப்புறம் நீங்க பாருங்கன்னு 2018 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. ஐயூசி 2021 ஜனவரி 1-ல இருந்து பூஜ்யம் ஆயிடுச்சு. அஞ்சு வருஷம் காத்திருக்க ஜியோவால முடியும்.

சித்தப்பாவால அஞ்சு மாசம் முடியாது. “புகார் கொடுங்க”ன்னு சொன்னேன். “யார்கிட்ட கண்ணு? கொடுத்த மறுநாள் நம்ம லிங்க் டவுன்னு டிக்கெட் போட்டா, மூணு நாள் கழிச்சுப் பார்ப்பான். மூணு நாள் நெட் இல்லைன்னா எந்த வீட்டுல சும்மா இருப்பாங்க?” வேலியைப் போட்டோ எடுத்துப் பேப்பர்ல போடலாம். மெதுவா பதில் வர்ற டிக்கெட்டை எப்படிப் போட்டோ எடுக்கிறது?

ரூம்மேட் ஒரு கேள்வி கேட்டா. “அந்தக் கம்பெனி கோடிக்கணக்குல செலவு பண்ணி ஊர் ஊருக்குக் கம்பி இழுத்துச்சு. அதை மலிவா கொடுன்னு சட்டம் போட்டா, அடுத்த தடவை யாரு இழுப்பா?” நியாயமான கேள்வி. அமெரிக்கா 2003-ல வீட்டுக்குப் போற புது ஃபைபரைப் பகிரும் கட்டாயத்துல இருந்து பெரும்பாலும் விடுவிச்சது இந்தக் காரணத்துக்காகத்தான். நான் அவளுக்குப் பதில் சொல்ல வாய் திறந்தேன். அப்பதான் சித்தப்பாவோட பைப் ஞாபகம் வந்துச்சு.

எங்க ஊரை ரயில் பாதை ரெண்டாப் பிரிக்குது. பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு காலனி. தண்டவாளத்துக்கு அடியில கம்பி கொண்டு போகணும்னா ரயில்வே அனுமதி வேணும். சித்தப்பா ஒன்றரை வருஷம் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு, கட்டணம் கட்டி, அடியில துளை போட்டு பைப் இறக்கி, 24 கோர் கேபிள் போட்டாரு. எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 80 ஆயிரம். அதுல 6 கோர்தான் பயன்படுது. மிச்சம் 18 கோர் சும்மா இருட்டுல கிடக்கு. கிழக்குத் தெருவுல இன்னொரு சின்ன ஆபரேட்டர் இருக்காரு. மூணு வருஷமா அவரு கேக்கறாரு, காலனிக்குப் போக ரெண்டு கோர் கொடுங்கண்ணா, வாடகை தர்றேன்னு. சித்தப்பா முடியவே முடியாதுன்னுட்டாரு. “நான் அலைஞ்சு வாங்கினது. அவனும் அலையட்டும்.”

செயின்ட் லூயிஸ்ல மிசிசிப்பி ஆத்தைத் தாண்டற ரயில் பாலங்களை எல்லாம் ஒரே கூட்டமைப்பு கையில வச்சிருந்துச்சு. சேர விரும்பற எந்த ரயில் கம்பெனியையும் நியாயமான நிபந்தனையில சேர்த்துக்கணும்னு 1912-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. போட்டியாளருக்கும் பாலத்தைத் திறக்கணும்ங்கற பேச்சுக்கு எல்லாரும் அந்த வழக்கைத்தான் காட்டுவாங்க. எங்க ஊர்ல மிசிசிப்பி இல்ல. ஒரு ரயில் பாதையும், நாலு அங்குல பைப்பும், அதுக்கு மேல என் சித்தப்பாவும்.

போன மாசம் கிழக்குத் தெருக்காரரு புது யோசனையோட வந்தாரு. ரெண்டு பேர் கனெக்‌ஷனையும் சேர்த்தா எண்ணூறுக்கு மேல வரும். அந்த எண்ணிக்கையைக் காட்டினா வேற ஒரு கம்பெனி 210-க்கு பேண்ட்வித் தர்றேங்குது. வீடு வீடாப் போய் மாத்துற வேலையை ரெண்டு பேர் ஆளுங்களும் சேர்ந்து பண்ணா ஒரு வாரத்துல முடிச்சிடலாம். ஆனா அவருக்குக் காலனிக்குப் போக ரெண்டு கோர் வேணும். சித்தப்பா ராத்திரி எனக்குப் போன் பண்ணாரு. “நீதான் இதெல்லாம் படிக்கிறியே கண்ணு, ரெண்டு கோருக்கு என்ன வாடகை கேக்கலாம்? நியாயமா ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு.”

ரெண்டு விதமா போட்டேன். செலவுக் கணக்கு: 1,80,000-ஐ 24 கோருக்கும் 15 வருஷத்துக்கும் பிரிச்சு, வட்டியும் பராமரிப்பும் சேர்த்தாலும் ரெண்டு கோருக்கு மாசம் 250 ரூபாயைத் தாண்டல. பாமோல் கணக்கு: காலனியில சித்தப்பாவுக்கு 90 வீடு. போட்டி வந்தா 40 போகும்னு வச்சா, வீட்டுக்கு 100 ரூபாய் வீதம் 4,000 லாபம் போகுது. அதையும் சேர்த்தா 4,250.

ரெண்டையும் வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ப்ளூ டிக் வந்து ரொம்ப நேரம் பதிலே இல்ல. அப்புறம் போன்.

“250-ங்கறது ரொம்பக் கம்மி கண்ணு. நகையை வச்சுப் போட்ட பைப்பு அது.”

“அந்தக் கம்பெனியும் உங்ககிட்ட இதையேதான் சித்தப்பா சொல்லும்.”

“அது சரி...” கொஞ்சம் நிறுத்தினாரு. பின்னாடி சித்தி டிவி சத்தம் கேட்டுச்சு. “4,000 கேட்டா அவன் ஓடிருவான். அப்புறம் அந்த 210-ம் போயிரும். ரெண்டுக்கும் நடுவுல ஏதாச்சும் ஃபார்முலா இருக்குதா பாரு.”

தேடிட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் டீக்கடையில உட்கார்ந்து பேசறாங்களாம். நானும் பஸ் ஏறி வரணும்னு சித்தப்பா சொல்லிட்டாரு, லேப்டாப்போட.